கருவுற்று இழந்தவள்: குழந்தையின்மைச் சொல்லாடலில் ஒரு விடுபடல்

குழந்தையின்மை குறித்த அண்மைக்காலத் தமிழ் விவாதம் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலைச் சுற்றியே பெரிதும் அமைந்துள்ளது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த எதிர்ப்பும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அவ்விவாதத்தைக் கருத்துரிமையின் பக்கம் திருப்பின. நாவல் பேசுவது கருவே உண்டாகாத துயரம். கருவுற்று, அதனை இழந்து, மீண்டும் கருவுறக் காத்திருக்கும் பெண்ணின் நிலை இதனின் வேறு.

மருத்துவம் இவ்வேறுபாட்டை அறியும். முன்பு ஒருமுறையேனும் கருவுற்றவள் மீண்டும் கருவுறாதிருப்பதை இரண்டாம் நிலைக் கருவுறாமை என்று அது பிரிக்கிறது. முதற்கரு சிதைந்திருப்பினும் வகை மாறுவதில்லை. ‘குழந்தையின்மை’ என்னும் சொல்லோ பிள்ளையை மட்டுமே எண்ணுகிறது.

பேச்சு வழக்கு இன்னும் சிக்கலானது. திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் (பிற மாவட்டங்களிலும்தான்) மணமான பெண்ணிடம் கேட்கப்படும் ‘விசேஷம் உண்டா?’ என்னும் வினாவுக்கு, கருவை இழந்தவளும் ‘இல்லை’ என்றே விடையிறுக்கிறாள். ‘கரு தங்கவில்லை’ என்னும் தொடரில் எழுவாய் கரு, பெண் அல்லள். பழி அவள்மேல் இறங்காதபடி இலக்கணமே ஒரு காப்பாக நிற்கிறது. ‘அபார்ஷன் ஆகிவிட்டது’ என்பதோ தானே சிதைந்ததையும் கலைத்ததையும் ஒன்றாக்கிவிடுகிறது. கருச்சிதைவு, கருக்கலைப்பு என இரு சொற்கள் எழுத்துத் தமிழில் இருந்தும் பேச்சில் அவ்வெல்லை அழிகிறது. அடுத்த கருவுக்காகச் சிகிச்சை நாடுபவள் தன் முன்வரலாற்றைக் கூறும் இடத்தில் இம்மயக்கம் சிறிதன்று.

இலக்கியம் இவ்விழப்பை அறியாததன்று. சேரமான் கணைக்கால் இரும்பொறையின் புறநானூற்றுப் பாடல் (74), இறந்து பிறந்த குழவியையும் உருப்பெறாத தசைப்பிண்டத்தையும் ‘ஆள் அன்று’ என விலக்காது வாளால் கீறும் மறக்குடி வழக்கைச் சுட்டுகிறது. எனினும் அங்கு அளவுகோல் வீரனின் மானம். ஈன்றோர் இறுதியில்தான் வருகின்றனர். அதுவும் அம்மானத்தின் பொருட்டே.

பழைய சாலையோரச் சுமைதாங்கிக் கல் கருவோடு இறந்தவளுக்கு நடப்படுவது. கருவை இழந்து வாழ்பவளுக்கு அது எழுவதில்லை. மாரியம்மன் கோயில்களில் வேண்டுதலாகக் கட்டப்படும் தொட்டிலும் வரவிருக்கும் பிள்ளைக்கே உரியது. தவமிருந்து பெற்றதைப் பாடும் நாட்டார் தாலாட்டுகளைத் திறனாய்வு இந்நோக்கில் மீண்டும் படிக்க வேண்டும்: கோயில் கோயிலாக எண்ணப்படும் அத்தவக்காலத்தில், இடையில் வந்து போன கருவுக்கு ஓர் அடியேனும் ஒதுக்கப்பட்டுள்ளதா?