அழகிரிசாமி காட்டும் சிறுவர்: வேலியும் காவலும்

குழந்தைப் பருவத்தைக் கவலையற்ற காலமென்று போற்றுவது எழுத்துலகின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தினின்று விலகி, சிறுவர்க்குள்ளும் ஏளனம் உண்டு, ஒதுக்கிவைத்தல் உண்டு என்பதைப் பரிவோடு காட்டியவர் கு. அழகிரிசாமி. இடைசெவலில் 1923இல் பிறந்த அவர், 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' ஏட்டில் பணியாற்றியவர். மலாயாத் தமிழ் எழுத்தாளர் பலருக்கு வழிகாட்டியவர். பள்ளிகளில் பகடிவதை பெற்றோரின் பெருங்கவலையாகிவிட்ட இந்நாளில், அவருடைய கதைகள் இரண்டை மீண்டும் படிப்பது பயன் தரும்.

'ராஜா வந்திருக்கிறார்' கதை சிறுவர் போட்டியில் தொடங்குகிறது. செல்வ வீட்டுப் பிள்ளை ராமசாமி தன் வீட்டுப் பெருமைகளை அடுக்குகிறான். ஏழை வீட்டுப் பிள்ளைகள் சளைக்காமல் எதிர்ப்பெருமை பேசுகின்றனர். விளையாட்டாகத் தோன்றும் இப்பேச்சினுள் வறுமையைச் சுட்டும் முள் மறைந்திருக்கிறது. இம்முள் குத்திய பிள்ளைகளுக்குத் தாய் தாயம்மாள் என்ன செய்கிறாள்? எதிர்வீட்டாரோடு சண்டைக்குச் செல்லவில்லை. தன் மக்களை வீட்டினுள் அடைத்துவைக்கவுமில்லை. ஆதரவற்று, சிரங்கு பிடித்த உடம்போடு வந்த சிறுவன் ஒருவனை வீட்டுக்குள் அழைத்துச் சோறிட்டு, தீபாவளியன்று அவனையும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைக்கிறாள். அவன் பெயர் ராஜா.

மிகையான பாதுகாப்பை நாடும் பெற்றோர், நோயும் வறுமையும் தம் பிள்ளையை அணுகாவண்ணம் வேலியிடுவர். தாயம்மாளோ வேலியைத் திறக்கிறாள். தம்மினும் எளியவனைப் பேணும் பொறுப்பில் அவள் மக்களும் பங்கு பெறுகின்றனர். ராமசாமி தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகச் சொன்னபோது, சிறுமி மங்கம்மாள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக மறுமொழி கூறுகிறாள். ஏளனத்தைக் கண்டு கூசாத அந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது? கொடுக்கும் நிலையில் நின்ற குழந்தைக்குத் தான் தாழ்ந்தவள் என்ற எண்ணம் எழுவதில்லை. கதையின் உயிர்நிலை இதுவே.

சாகித்திய அகாதெமி 1970ஆம் ஆண்டுப் பரிசு பெற்ற தொகுதிக்குப் பெயர் தந்த 'அன்பளிப்பு' கதை இன்னும் நுட்பமானது. அதில் சாரங்கன் என்னும் சிறுவனை யாரும் அடிப்பதில்லை. குழந்தைகளிடம் பேரன்பு கொண்ட பெரியவர் ஒருவர் சிலருக்கு மட்டும் டைரி அளிக்கிறார். இவன் விடுபடுகிறான், அவ்வளவே. இறுதியில் தானே ஒரு டைரியை எடுத்துவந்து, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி அவரை வேண்டுகிறான். தீங்கு செய்தவர் கொடியவரல்லர், அன்புடையவர் என்பதில்தான் கதையின் கடுமை இருக்கிறது. வகுப்பறையில் சில முகங்களையே நோக்கிப் பாடம் நடத்தும் எந்த ஆசிரியரும் இக்கதையைப் படித்துவிட்டு அமைதியாக உறங்க இயலாது.

குறை இல்லாமல் இல்லை. முதற்கதை மங்கம்மாளின் வெற்றியோடு நின்றுவிடுகிறது. ராமசாமியின் உள்ளத்துக்குள் நுழைவதில்லை. பிறரைத் தாழ்த்திப் பேசும் பழக்கத்தை அவன் எங்குக் கற்றான், அவனைத் திருத்துவது எவர் கடமை என்னும் வினாக்கள் எஞ்சுகின்றன. பகடிவதைக்கு ஆளானவனைப் போலவே அதனைச் செய்பவனும் ஆசிரியரின் மாணவனே. ஆதலின் இவ்வினாக்களை வகுப்பறை ஏற்றாக வேண்டும்.

எனினும் இவ்விரு கதைகளும் ஓர் உண்மையை ஐயத்திற்கிடமின்றி நிறுவுகின்றன. வேலி குழந்தையைத் தனிமைப்படுத்தும். காவல் அதனைப் பிறரோடு வாழத் துணிவிக்கும். தாயம்மாள் தன் மக்களுக்கு அளித்தது காவல். சாரங்கன் ஏங்கி நின்றதும் அதற்காகவே.