பராயத்தாதிகரணமும் பொதுச்சொத்து த்ருஷ்டாந்தமும்

ஜீவாத்மாவின் கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீனம் என்று பராயத்தாதிகரணம் நிலைநாட்டுகிறது. அவ்வாறாயின், ‘செய், செய்யாதே’ என்னும் சாஸ்த்ரம் யாரை நோக்கியது? ஸ்ரீபாஷ்யகாரரின் விடை இது: முதல் முயற்சி ஜீவனுடையது, அதனை அபேக்ஷித்தே ஈச்வரன் அநுமதி தந்து செயலை நடத்துகிறான். இருவர்க்குப் பொதுவான பொருளை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க மற்றவன் இசைவு வேண்டும். ஆயினும் அதன் பயன் கொடுத்தவனுக்கே என்பது அவர் காட்டும் த்ருஷ்டாந்தம்.

தானத்துக்கு இது நன்கு பொருந்தும். பாபத்துக்குப் பொருந்துமா என்பதே ஆராயத்தக்கது. பங்காளியின் தீச்செயலுக்கு அறிந்தே இசைந்தவனை உலகம் குற்றமற்றவன் என்னாது.

கீதாபாஷ்யத்தில் (18.15) வேறோர் உவமை உண்டு. பலர் கூடிப் பெருங்கல்லைப் பெயர்க்கையில் ஒவ்வொருவனும் காரணனாகி விதிநிஷேதங்களுக்கு உட்படுகிறான். காரணர் பலராயினும் ஜீவனின் பொறுப்பு குறையாது என்பதை இது காட்டும். ஈச்வரன் ஏன் இசைகிறான் என்பதைக் காட்டாது.

ஆகவே முழுப்பாரத்தையும் த்ருஷ்டாந்தங்களின்மேல் ஏற்றலாகாது. அதனைத் தாங்குவது ஸூத்ரம் கூறும் ஹேதுவே: விதிநிஷேதங்கள் வீணாகாமை. தீய முயற்சி ஒவ்வொன்றையும் ஈச்வரன் தடுத்துவிடின் நிஷேதத்துக்கு விஷயமே இராது. தானே விலகி நிற்பவனுக்குச் சிறப்பும் இராது. பொதுச்சொத்தின் பங்காளி சாஸ்த்ரம் தந்தவன் அல்லன். ஈச்வரனோ விலக்கை முன்னரே அறிவித்தவன். அவனது அநுமதி உகப்பன்று.

‘எல்லாம் அவன் செயல்’ என்னும் உரை நன்மையில் செருக்கொழிதற்கு உரியது. தீமையில் பொறுப்பொழிதற்கு அன்று.