திரைமூலையில் ஒரு பொறி: தொலைக்காட்சி இலச்சினை பற்றிய ஒரு மதிப்பீடு

அரசோ நிறுவனமோ தன்னை ஒரு குறியினால் அறிவித்துக்கொள்ளும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றவும் இறக்கவும் கிடந்த பண்டப் பொதிகள் மீது சோழரின் புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகின்றது. அப்பொறி அலங்காரத்துக்காக இடப்பட்டதன்று. பொதி யாருடைய ஆணைக்கு உட்பட்டது என்பதையும், அது முறைப்படி நோக்கப்பட்டது என்பதையும் அது ஒருங்கே உணர்த்திற்று. கலத்தில் வந்த வேற்றுமொழி வணிகன் அதனைப் படித்தறிய வேண்டியிருக்கவில்லை, கண்டறிந்தால் போதுமாயிருந்தது. படித்தறிதலுக்கும் கண்டறிதலுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டிலேயே இலச்சினைக் கலையின் அடிப்படை தங்கியுள்ளது எனலாம்.

நம் காலத்து இலச்சினைகளுள் அன்றாடம் கண்ணிற் பட்டுக்கொண்டேயிருப்பதும், அதனாலேயே ஆராயப்படாது விடப்படுவதும் தொலைக்காட்சி அலைவரிசையின் இலச்சினையாகும். நாளிதழின் பெயரை வாசகன் காலையில் ஒருமுறை காண்கின்றான். கடையின் பெயர்ப்பலகையை வாயிலைக் கடக்கும்போது காண்கின்றான். அலைவரிசையின் குறியோ திரையின் மூலையில் மணிக்கணக்காக நிற்கின்றது. நாடகமும் செய்தியும் விளம்பரமும் மாறிச் செல்ல, மாறாது நிற்பது அது ஒன்றே. ஆகவே, ஓர் அலைவரிசையின் இலச்சினை எப்பொழுது வெற்றி பெறுகின்றது, யாருக்காக வெற்றி பெறுகின்றது என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இரண்டாம் வினாவுக்கு மாவனல்லை போன்றதோர் ஊர் நல்ல உரைகல்லாகும். கொழும்பு-கண்டி வீதியில், கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே அமைந்த இச்சிறு நகரில் சிங்களம் பேசுவோரும், தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். கேகாலை மாவட்டத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலோ மலையகத் தமிழர் லயங்களிற் குடியிருக்கின்றனர். ஒரே மாலைப் பொழுதில் ஒரே அலைவரிசையைக் காண்போருள் ஒருவர் சிங்கள எழுத்தை மட்டும் அறிவார். ஒருவர் தமிழெழுத்தை மட்டும் அறிவார். பள்ளிக்கூடம் எட்டாக் கனியாயிருந்த காலத்திற் கொழுந்து பறிக்கச் சென்ற மூதாட்டி எவ்வெழுத்தையும் அறியார். இம்மூவரும் தாம் காண்பது எந்த அலைவரிசை என்பதை நொடிப்பொழுதில் அறிய வேண்டும். ஓர் இலச்சினைக்கு இதனினும் கடுமையான சோதனை வேறில்லை.

இச்சோதனையிற் தேறிய குறி ஒன்று தோட்டங்களில் ஏற்கெனவே உண்டு. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் சேவற் சின்னமே அது. வாக்குச்சீட்டிலுள்ள பெயரை வாசிக்க இயலாதவரும் சேவலைக் கண்டு புள்ளடி இட்டனர். அது நிலைபெற்றமைக்கு வரைந்த கையின் திறன் மட்டும் காரணமன்று. முருகனின் கொடியிற் சேவலைக் கண்டு வளர்ந்தவர்கள், விடியலில் அதன் குரல் கேட்டு எழுந்து பிரட்டுக்களத்துக்குச் சென்றவர்கள் அம்மக்கள். கட்சி ஒரு புதிய வடிவத்தை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அவர்கள் அறிந்த வடிவத்தினுள் தான் சென்று குடியேறியது. சிறந்த இலச்சினையின் முதற்பண்பு இதுவே: பார்ப்பவன் முன்பே அறிந்த ஒன்றை அது தனதாக்கிக்கொள்கின்றது.

இரண்டாவது பண்பு, ஊடகத்தின் இயல்புக்கு இசைந்து நிற்றல். தாளில் அழகாகத் தோன்றும் வடிவம் திரையிலும் அவ்வாறே தோன்றும் என்பதற்கில்லை. இலங்கையிற் பின்பற்றப்பட்ட பால் முறை ஒளிபரப்பில் ஒரு படம் 625 கோடுகளாலானது. ஒற்றைக் கோடுகள் ஒரு முறையும் இரட்டைக் கோடுகள் மறு முறையுமாக, விநாடிக்கு 50 தடவை திரை வரையப்படும். எனவே ஒரு கோட்டளவே தடிப்புள்ள கிடைக்கோடு திரையில் நிலையாக நில்லாது துடிக்கும். கறுப்பு வெள்ளைப் பெட்டியிற் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடலாம். மலைமடிப்பிற்குள் அமைந்த லயத்தில், மூங்கிற்கழியிற் கட்டிய அன்டெனாவால் ஈர்க்கப்பட்ட மங்கிய படத்தில், நுண்ணிய வேலைப்பாடு யாவும் மறைந்து திரண்ட உருவம் மட்டுமே எஞ்சும். எஞ்சும் அவ்வுருவே உண்மையான இலச்சினை. இன்று கைபேசியின் சிறு திரையும் அதே கண்டிப்பினை வேறு வகையில் விதிக்கின்றது.

தமிழெழுத்தைக் குறியாகக் கொள்வோர்க்கு இங்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. தமிழில் மிகச் சிறிய உறுப்பாகிய புள்ளியே மிகப் பெரிய வேற்றுமையைச் செய்கின்றது. சக்தி என்பதில் நடுவெழுத்தும், வசந்தம் என்பதில் ஈற்றெழுத்தும் புள்ளியினாலேயே மெய்யாகின்றன. திரைமூலையில் எழுத்துச் சுருங்கும்பொழுது முதலில் அழிவது அப்புள்ளியே. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் பெரும்பாலும் ஒரே உயரமுடையன, சதுரத்துள் அடங்குவன. தமிழெழுத்துக்கோ மேலே விசிறியும் கீழே வளைவும் உண்டு. ஆதலால் ஆங்கிலத்துக்கு வரையப்பட்ட கட்டத்தினுள் தமிழைத் திணிக்கும் முறை தோல்வியையே தரும். தமிழின் வட்ட வளைவுகளிலிருந்தே வடிவத்தைப் பிறப்பிக்க வேண்டும். புள்ளியைக் குறையாகக் கருதாது, வடிவத்தின் மையமாக்கும் துணிவும் வேண்டும்.

மூன்றாவது பண்பு நிலைபேறு. அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 1951இல் வில்லியம் கோல்டன் அமைத்த கண் வடிவை ஏற்றது. ஓராண்டு கழிந்ததும் புதியதொன்றை வரைய வேண்டுமெனக் கோல்டனே கருதினார். நிறுவனத் தலைவர் பிராங்க் ஸ்டான்டன் அதற்கு இணங்கவில்லை. படைத்தவனுக்குச் சலிப்புத் தட்டும் வேளையிலேதான் பார்ப்பவன் அதனைக் கவனிக்கத் தொடங்குகின்றான் என்பதே அவரது நிலைப்பாட்டின் சாரம். அக்கண் எழுபது ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்துள்ளது.

இதற்கு மாறான பாடத்தை என்.பி.சி. கற்றது. நிறத் தொலைக்காட்சியை மக்களிடம் கொண்டுசெல்வதற்காக 1956இல் அது விரித்த தோகையுடைய மயிலை அறிமுகஞ் செய்தது. நிறம் என்னும் பொருளுக்கு மயிலினும் பொருத்தமான உருவத்தைக் காண்டல் அரிது. எனினும் 1976இல் நவீனத்தை நாடி, இரு கோணவடிவங்களாலான ஓர் ஆங்கில எழுத்தை அதனிடத்தில் வைத்தது. நெப்ராஸ்கா மாநிலத்துக் கல்வித் தொலைக்காட்சி அதே போன்ற எழுத்தை நூறு டொலருக்கும் குறைந்த செலவில் வரைந்து முன்பே வழங்கிவந்தமை பின்னர் வெளிப்பட்டது. வழக்கு எழுந்தது, எட்டு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள உபகரணங்களைக் கொடுத்தே என்.பி.சி. அதனைத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. 1979இல் மயில் மீண்டது. 1986இற் பதினொரு தோகைகள் ஆறாகக் குறைக்கப்பட்டு மேலும் தெளிவு பெற்றது. எழுத்து எவர்க்கும் பொதுவானது, மயிலோ மறக்கப்படாதது.

தெற்காசியாவில் இப்பண்புகள் ஒருங்கே அமைந்த எடுத்துக்காட்டாகத் தூர்தர்ஷனின் கண்ணைக் குறிப்பிடலாம். 1959இல் தொடங்கிய அச்சேவை, 1976இல் அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தனித்து நின்றபொழுது, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சார்ந்த தேபாஷிஷ் பட்டாச்சார்யாவின் வடிவத்தை ஏற்றது. நடுவில் ஒரு வட்டம், அதனைத் தழுவும் இரு வளைவுகள், அவ்வளவே. வளைவுகள் சுழன்று வந்து கண்ணாகக் கூடும் காட்சியும், பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது ஹுசைன் கானும் அமைத்த இசையும் பிரிக்கவியலாதவாறு இணைந்தன. வேறு அறையில் இருந்தவரும் அவ்வோசை கேட்டு அலைவரிசையை அறிந்தனர். வானொலியின் முகப்பிசையிலேயே நிலையத்தை அறிந்து பழகிய சமூகத்துக்குச் செவி வழியே கண்ணுக்குச் செல்லும் பாதை இயல்பானதாயிருந்தது. சி.பி.எஸ்.ஸும் கண், இதுவும் கண் என்பதனால் இது போலியாகிவிடாது. தூரக்காட்சி என்னும் தன் பெயரின் பொருளையே அது வடிவமாக்கிற்று. மூலக்கருத்து பொதுவாயிருத்தல் குறையன்று. வடிவம் தன் பெயரிலிருந்து பிறந்ததா என்பதே வினா.

ஆயினும் இலச்சினையின் பொருள் வரைந்தவன் கையோடு முடிந்துவிடுவதில்லை. 1993 ஏப்ரல் 14இற் சன் தொலைக்காட்சி தோன்றியபொழுது, சூரியன் வெறும் ஒளிப்பிழம்பாக மட்டும் காணப்படவில்லை. தமிழ்நாட்டிற் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சின்னம் உதயசூரியன். அலைவரிசையின் உரிமையாளரும் அக்கழகத் தலைமையின் உறவினர். இலங்கையிலோ 1977ஆம் ஆண்டுத் தேர்தலிற் தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியன் சின்னத்திலேயே போட்டியிட்டிருந்தது. ஒரே கதிர்வட்டம் சென்னையில் ஒன்றையும் யாழ்ப்பாணத்தில் இன்னொன்றையும் நினைவூட்ட, செய்மதி வழியே மலையகத் தோட்டங்களுக்கு வந்தபொழுது அது பெரும்பாலும் மாலைநேர நாடகங்களையே குறித்தது. 2024 ஏப்ரலில் தூர்தர்ஷனின் செய்தி அலைவரிசை தன் கண்ணின் சிவப்பைக் காவியாக மாற்றியமை இந்தியாவில் அரசியல் விவாதமாயிற்று. வடிவம் மாறாவிடினும் நிறம் பேசும் என்பதை அது காட்டிற்று.

இனி இலங்கை நிலையை நோக்கலாம். 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15இல் யப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. ரூபவாஹினியின் ஒரே அலைவரிசையிற் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் நேரத்தைப் பகிர்ந்தன. தமிழுக்கு வாய்த்த பங்கு சிறிது. இங்கு ஒரு குறி ஏற்ற சுமை வேறெங்கும் ஏற்றதினும் கடினமானது. தமிழ்ச் செய்தி தொடங்கும்போது அது தமிழர்க்கும் உரிய வீடாகத் தோன்ற வேண்டும். அது முடிந்ததும் பிறர்க்கு உரியதாகவும் தோன்ற வேண்டும். ஆனால் நாளின் பெரும்பகுதியில் ஒரு மொழியோடு மட்டும் காணப்படும் குறி, அம்மொழியின் குறியாகவே மனத்திற் பதியும். குறி பொதுவாயிருந்தும் நேரம் பொதுவாயிராவிடின், தமிழ்ப் பார்வையாளன் அங்கு விருந்தினனே.

1998இற் சக்தியும் 2009இல் வசந்தமும் ரூபவாஹினியின் வழியே நேத்ராவும் தமிழுக்கெனத் தனி இடம் அமைத்தபொழுது இந்நிலை மாறியது. இப்பெயர்களைத் திறனாய்வு நோக்கில் ஒப்பிடின் ஓர் உண்மை புலப்படும். நேத்ரா என்பது கண். பெயரே படத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. சக்தியும் வசந்தமும் கருத்துப்பெயர்கள்; ஆற்றலையும் பருவத்தையும் வரையக் கலைஞன் வேறோர் உருவத்தை நாட வேண்டும், அன்றேல் எழுத்தையே நம்ப வேண்டும். உருவமுள்ள பெயர் இலச்சினைக்குப் பாதி வேலையைச் செய்து தருகின்றது. அவ்வாய்ப்பு வாய்த்தவிடத்தும் எழுத்தின் மீதே சாய்வது கையிலுள்ள விளக்கை அணைத்துவிட்டு வழி தேடுவதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். மொழியுரிமைக்காக நெடிது போராடிய, 1987இலேயே தன் மொழி அரசகரும மொழியாவதைக் கண்ட ஒரு மக்கட் கூட்டத்திற்கு, எழுத்தை விட்டுப் படத்தை நாடுக என்பது எழுத்தையே கைவிடச் சொல்வதாகாதா? மறுப்பு வலுவானதே. ஆயினும் மூன்று எழுத்துமுறைகளையும் ஒரு மூலையில் நெருக்கிவைத்தல் உரிமையைக் காப்பதன்று. மூன்றையும் வாசிக்க முடியாதனவாக்குவது. அதேவேளை, சுருக்கத்தின் பெயரால் ஆங்கில எழுத்தை மட்டும் நிறுத்துதல் நடுநிலையும் அன்று. தமிழ்ப் பார்வையாளனைத் தன் வீட்டிலேயே அயலானாக்குவது. உருவம் ஒன்று, அதனருகே தெளிவாக அமைந்த தமிழ்ப்பெயர் ஒன்று என்னும் அமைப்பே இரு குறைகளையும் தவிர்க்கும். உருவம் எழுத்தறியாதவரை அழைக்கும். பெயர் எழுத்தறிந்தவரின் உரிமையை நிலைநாட்டும்.

இறுதியாக, இலச்சினை ஒரு வாக்குறுதி என்பதை மறத்தலாகாது. புலிப்பொறியின் மதிப்பு அதனை இட்ட துறையின் நேர்மையிலேயே தங்கியிருந்தது. தோட்டத்தின் பெயர் பொறித்துக் கப்பலேறிய தேயிலைப் பெட்டிக்கும் அதுவே விதி: உள்ளிருந்த தூள் தரங்கெட்டிருப்பின் வெளியிலிருந்த பெயரே முதலிற் கெடும். தமிழர்க்கென ஒரு குறியைத் திரைமூலையில் நிறுத்தும் அலைவரிசை, மலையக மக்களின் சம்பளமும் வீடும் கல்வியும் மொழியும் அந்தத் திரையில் எவ்வளவு இடம் பெறுகின்றன என்பதாலேயே மதிப்பிடப்படும். மாவனல்லைத் தோட்டத்து மூதாட்டி தன் மக்களின் முகத்தையும் பேச்சையும் அக்குறியின் கீழ்க் காணும் நாளிலேயே, அது வெறும் வடிவம் என்னும் நிலை நீங்கி அவருக்கும் உரிய பொறியாகும்.