தாங்கியும் கூடாரமும்: லினக்ஸ் பாவனையாளன் என்னும் பாத்திரம் குறித்து

கணினியுலகிலே ‘லினக்ஸ் பாவனையாளன்’ என்றவுடன் பலர் மனக்கண்ணில் எழும் உருவம் ஒன்றுண்டு. தாடி வளர்த்தவன், இராக்கண் விழிப்பவன், கறுப்புத் திரையிலே கட்டளைகளைத் தட்டெழுதி இன்பங் காண்பவன், ஐயம் கேட்டு வருவோனைக் கையேட்டைப் படிக்கும்படி விரட்டுபவன். நம் நகைச்சுவை நாடகங்களிலே பண்டிதர் என்றால் குடுமியும் கடுந்தமிழும் தவறாது வந்து சேர்வதைப் போன்றதே இதுவும்.

இவ்வுருவத்துக்கு எழுத்திலே நிலைத்த வடிவம் தந்தவர்களுள் அமெரிக்க நாவலாசிரியர் நீல் ஸ்ரீவன்சன் முக்கியமானவர். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தை எதிரொலிக்கும் தலைப்புடன், ‘ஆதியிலே கட்டளை வரி இருந்தது’ என்ற பொருள்பட, 1999இல் அவர் எழுதிய நீள்கட்டுரையில் ஓர் உவமைக் கதை வருகின்றது. ஒரு சந்தியிலே வாகன விற்பனை நிலையங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மைக்ரோசொஃப்ற் சாதாரணக் குடும்பக் கார்களை விற்கின்றது. அப்பிள் அழகிய, ஆனால் உட்பாகங்கள் மூடி முத்திரையிடப்பட்ட கார்களை விற்கின்றது. பக்கத்து வெளியிலே கூடாரமடித்திருக்கும் கூட்டமொன்று, பழுதுபடாத யுத்தத் தாங்கிகளைச் செய்து, சாவியுடன் தெருவோரத்தில் இலவசமாக நிறுத்தி வைத்திருக்கின்றது. எவரும் ஏறிச் செல்லலாம். ஆயினும் மக்கள் கார் வாங்கவே போகின்றனர். தாங்கியைப் பராமரிக்கத் தனக்குத் தெரியாதென்கிறான் ஒருவன். காரைப் பராமரிக்கவும் உனக்குத் தெரியாதே என்கிறான் கூடாரத்தான். நீ உறங்கும்போதே வீட்டுக்கு வந்து இலவசமாகத் திருத்தித் தருவோம் என்றதும் வந்தவன் அஞ்சி ஓடுகிறான்.

இது நல்ல அங்கதம் என்பதில் ஐயமில்லை. நகைப்பு இரு புறமும் பாய்கின்றது; அறியாமையையே பாதுகாப்பெனக் கருதும் வாங்குவோனும் அதற்குத் தப்பவில்லை. எனினும் கூடாரத்து மனிதர் யார் என்ற வினாவை இக்கதை எழுப்புவதில்லை. அவர்கள் எதை உண்கின்றனர்? இரும்பு எங்கிருந்து வருகின்றது? கட்டுரையின் பிறிதோரிடத்திலே யுனிக்ஸை ஒரு வாய்மொழி மரபாகக் கண்டு, கில்காமேஷ் காவியத்துடன் ஒப்பிடுகிறார் ஸ்ரீவன்சன். கட்டுரையின் ஆழமான இடம் இதுவே என்பது என் எண்ணம். ஆனால் கைலாசபதியின் வீரயுகக் கவிதை ஆய்வைப் பயின்ற நமக்கு உடனே ஒரு கேள்வி தோன்றும்: பாணன் இருந்தால் புரவலன் எங்கே?

புரவலன் இருந்தான். கட்டுரை வெளிவந்த அதே 1999இல் லினக்ஸை வணிகமாக்கிய ரெட் ஹற் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டிறுதியில் ஐ.பி.எம்., அடுத்த ஆண்டு நூறு கோடி டொலரை லினக்ஸில் இடப்போவதாக அறிவித்தது. காலப்போக்கில் அதன் கருவை எழுதுவோரிற் பெரும்பாலோர் நிறுவனங்களிடம் ஊதியம் பெறுவோராயினர். கூடாரம் என்ற படிமம் இவ்வுழைப்பையும் அதன் உடைமையுறவையும் மறைத்து விடுகின்றது. மைக்ரோசொஃப்ற்றின் தலைவர் ஸ்ரீவ் போல்மர் 2001இல் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டமைக்கும் இப்படிமத்துக்கும் நோக்கம் வேறு. ஆனால் இரண்டிலும் இம்மனிதர் சமுதாயத்துக்குப் புறத்தேதான் நிற்கின்றனர். அதே நிறுவனம் 2016இல் லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராகியது!

ஏங்கல்ஸ் 1888இல் மார்கரெற் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்திலே, வகைமாதிரிச் சூழ்நிலையையும் வகைமாதிரிப் பாத்திரத்தையும் இணைத்தே யதார்த்தவாதத்தை விளக்கினார். சூழ்நிலையை நீக்கிவிட்டாற் பாத்திரம் எஞ்சாது. வெறும் வார்ப்பே எஞ்சும். லினக்ஸ் பாவனையாளனுக்கு நேர்ந்ததும் இதுவே.

வார்ப்பு முற்றிலும் பொய்யென்று நான் கூறவில்லை. 2002இல் ஐரோப்பாவிலே நடத்தப்பட்ட ஆய்வொன்றில் பதிலளித்த கட்டற்ற மென்பொருளாளருள் பெண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே. ஆனால் இந்தத் தாடிக்காரச் சித்திரத்தைத் தம் பெருமையாகவே சூடிக்கொண்டோரும் இவ்விகிதத்துக்குப் பொறுப்பாளிகள் அல்லரா? தன்னைப் போன்ற ஒருத்தி அச்சித்திரத்தில் இல்லை என்று காணும் மாணவி, வாயிலிலேயே திரும்பி விடுகிறாள்.

2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின் காணாமற்போனோரையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இந்நாட்டிலே தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சஹானா’ கட்டற்ற மென்பொருளாகவே பிறந்தது. 2006க்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதையும் அது பெற்றது. அவர்களை எந்தக் கூடாரத்தில் அடக்குவது? அன்ட்ரொயிட் தொலைபேசியில் விலை பேசும் மீன் வியாபாரியின் கையிலும் லினக்ஸின் கருவே இயங்குகின்றது. அவரை எவரும் லினக்ஸ் பாவனையாளர் என்று அழைப்பதில்லை. அவருக்கும் அது தெரியாது.

ஸ்ரீவன்சனோ தம் கட்டுரை காலங்கடந்து விட்டதெனப் பின்னர் தாமே ஒப்புக்கொண்டு, அப்பிளின் புதிய பணிசெயல் முறைமைக்கு மாறினார். அந்த அழகிய காரின் மூடிக்குக் கீழே இருந்தது யுனிக்ஸ் வழிவந்த இயந்திரம்.