பாத்திமா நகர் வழக்கு: தண்டனை முழுசு, நீதி பாதி

பிரேமானந்தாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடம் இரண்டு கதைகள்தான் இருக்கின்றன. சிவராத்திரி இரவில் வாயிலிருந்து லிங்கம் எடுத்த சாமியார் கடைசியில் கம்பி எண்ணிய கதை ஒன்று. பொய் வழக்கு, சதி என்று பக்தர்கள் சொல்லும் கதை இன்னொன்று. இரண்டிலுமே நாயகன் அவர்தான். பாலியல் பலாத்கார வழக்கில் வந்த பதின்மூன்று பெண் பிள்ளைகளுக்கு இரண்டிலும் இடமில்லை. அந்த வழக்கின் தீர்ப்பு அவர்களுக்கு என்ன கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

இலங்கையின் மாத்தளையில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தவர் பிரேமானந்தா. 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு, தன்னிடம் இருந்த ஆதரவற்ற பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்தார். 1989இல் விராலிமலைக்கு அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் எழுந்தது. சோறு, துணி, படிப்பு, பூஜை எல்லாம் ஒரே மதிலுக்குள். கோபித்துக்கொண்டு கிளம்பிப் போக ஒரு தாய்மாமன் வீடுகூட இந்த மண்ணில் இல்லாத பிள்ளைகள் அவர்கள். 1994இல் உள்ளேயிருந்து வெளியேறியவர்கள் வாய் திறந்த பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. எதிர்த்துப் பேசிய ஆசிரமவாசி ஒருவரைக் கொன்று அதே வளாகத்தில் புதைத்திருந்ததும் வெளிவந்தது.

1997 ஆகஸ்ட் 20 அன்று புதுக்கோட்டை அமர்வு நீதிபதி ஆர். பானுமதி தீர்ப்பளித்தார். இவர்தான் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். இரட்டை ஆயுள், அறுபது லட்சத்துக்கு மேல் அபராதம்; போதாதென்று, அரசுகள் அவ்வப்போது தரும் தண்டனைக் குறைப்பு எதுவும் பொருந்தாது என்ற நிபந்தனை. சாமியாருக்காக வாதாடியவர் ராம் ஜெத்மலானி. ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவை ஐதராபாத் ஆய்வகத்தில் விஞ்ஞானி லால்ஜி சிங் குழு மரபணுச் சோதனை செய்து, தகப்பன் யாரென்று சொன்னது. அதை மறுக்க எதிர்த்தரப்பு வெளிநாட்டு நிபுணரையே இறக்கியது; எடுபடவில்லை. 2005இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. 2011 பிப்ரவரியில் கடலூர் மத்தியச் சிறைக் கைதியாகவே அவர் இறந்தார்.

இந்தத் தீர்ப்பை லேசாக எடைபோட மாட்டேன். அதன் அருமை தெரிய அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய பள்ளிகளிலும் இல்லங்களிலும் பல பத்தாண்டுகள் நடந்த கொடுமையை விசாரித்த ரையான் ஆணையம் 2009இல் அறிக்கை தந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கம். அதில் கொடுமை செய்தவர்களின் பெயர் இல்லை. கிறிஸ்தவ சகோதரர்கள் சபை வழக்குப் போட்டுப் பெயர்களை மறைத்துக்கொண்டது. ஈட்டுத்தொகை கொடுத்தார்கள், நிஜம்தான். ஆனால் வாங்கியவர் நீதிமன்றம் போகும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், வாங்கியதைப் பற்றி வெளியே பேசினால் அது குற்றம். 2002 ஒப்பந்தப்படி சபைகள் தர ஒப்புக்கொண்டது 12.8 கோடி யூரோ. மொத்தச் செலவோ ஏறக்குறைய 150 கோடி. மீதியைச் சுமந்தது மக்களின் வரிப்பணம். புதுக்கோட்டையில் அப்படி நடக்கவில்லை. குற்றவாளியின் பெயர் திறந்த தீர்ப்பில் ஏறியது. பெரிய இடத்து ஆதரவு இருந்தும் ஏறியது. இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அந்தப் பிள்ளைகளின் சாட்சியத்தைச் சாய்த்துவிடவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றம் ஆட்களைத்தான் கூண்டில் ஏற்றும், நிறுவனத்தை ஏற்றாது. சாமியாரும் கூட்டாளிகளும் தண்டனை பெற்றார்கள். ஆனால் அத்தனை சிறுமிகள் தங்கிய இடத்தை அரசுத் தரப்பில் எவர் போய்ப் பார்த்தார், என்ன எழுதினார், நன்கொடை தந்தவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கு அந்த வழக்கில் பதில் இல்லை, அது அங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வியும் அல்ல. ஆசிரமம் இன்றும் நடக்கிறது, அவருக்கு வழிபாடும் நடக்கிறது. இலங்கை உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சி.வி. விக்னேஸ்வரன், வடக்கு மாகாண முதலமைச்சரான பிறகு, சிறையிலிருந்த பிரேமானந்தா சீடர்களை விடுவிக்கச் சொல்லி இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பக்தர் நம்புவது அவர் உரிமை. ஆனால் தீர்ப்பு எழுதியே வாழ்ந்த ஒருவர், இந்திய உச்ச நீதிமன்றம் வரை நின்ற தீர்ப்பை விடத் தன் குருபக்தியைப் பெரிதாக எண்ணினால், பாதிக்கப்பட்ட பெண்ணின் சொல்லுக்கு ஊரில் என்ன மரியாதை மிஞ்சும்?

பிறகு வந்த சட்டங்கள் எல்லாமே முன்னோக்கிப் பார்ப்பவை. தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் நடக்கும் சுரண்டல் குறித்து 2007இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்கில் தீர்ப்பு வர 2017 ஆயிற்று. எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டுக்குள் பதிவு செய்யச் சொன்னது அது. 2014இல் பொள்ளாச்சியில் கிறிஸ்தவ அமைப்பொன்றின் விடுதியில் சிறுமிகள் தாக்கப்பட்ட பிறகு தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. புதுச்சேரியில் அது செல்லாது; இங்குள்ள இல்லங்களுக்கு மத்தியச் சிறார் நீதிச் சட்டம்தான். நல்லது, எல்லாம் வேண்டியவைதான். ஆனால் 1980களில், 90களில் ஏதோ ஒரு மடத்தில், கான்வென்டில், மதரஸாவில் வளர்ந்து, இன்று ஐம்பது வயதைத் தொடுகிறவருக்கு இவற்றில் என்ன இருக்கிறது? சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதற்கு முந்தைய குற்றத்தைத் தொடாது. சிறுமியிடம் நடந்த பாலியல் சீண்டலுக்கு அன்றிருந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு, அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அதற்கு வழக்கெடுக்க மூன்று ஆண்டுதான் கெடு. நஷ்டஈட்டு வழக்கென்றால் மேஜரான பிறகு நீளக்கூடியது மூன்றே ஆண்டு. இருபத்தொரு வயதுக்குள் எந்தப் பெண் மடாதிபதி மேல் சிவில் வழக்குப் போடுவாள்?

ஆஸ்திரேலியா இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியது. நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமையை விசாரித்த அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை பாதிக்கப்பட்ட ஏறக்குறைய எட்டாயிரம் பேரைத் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்டது. சிவில் வழக்குக்கான காலக்கெடுவை மாநிலங்கள் நீக்கின. 2018இல் தொடங்கிய ஈட்டுத் திட்டத்தில் சேர மறுக்கும் நிறுவனங்களின் பெயரை அரசே வெளியிடுகிறது. பிரான்ஸிலும், 1950 முதல் கத்தோலிக்கக் குருமார்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட சிறார் 2,16,000 பேர் இருக்கலாம் என்று சோவே ஆணையம் 2021இல் மதிப்பிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் குடும்பங்கள் இருக்கும் புதுச்சேரியில் அந்தச் செய்தி தெரியாமல் போயிருக்காது. இங்கே அப்படி ஒரு கணக்கெடுப்பைக் கேட்டவர் யார்? எந்த மதத்தின் வீட்டைத் தொட்டாலும் எங்கள் மதத்தைக் குறிவைக்கிறார்கள் என்ற கூச்சல் முதலில் எழும். அதனால்தான் ஆணையம் எல்லா மதத்து இல்லங்களையும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

என் முடிவு இது. 1997 தீர்ப்பு, தண்டனை என்ற அளவில் நம் நீதித்துறை தலைநிமிரக் கூடியது. பெயரை மறைத்த அயர்லாந்து வழியை விட மேல். நீதி என்ற அளவில் அது பாதி. மறுபாதியைத் தர சட்டமன்றமும் நாடாளுமன்றமும்தான் முன்வர வேண்டும்: சிறுவயதுக் கொடுமைக்கான சிவில் காலக்கெடுவை எடுத்துவிடுவது, பழைய இல்லங்களைப் பெயரோடு விசாரிக்கும் ஆணையம், ஈட்டுத்தொகையை நிறுவனத்தின் சொத்திலிருந்தே வாங்குவது.

அதுவரைக்கும் பழைய இல்லங்களில் வளர்ந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பலாத்காரக் குற்றத்துக்கு இந்தியாவில் காலக்கெடு கிடையாது. முப்பது ஆண்டு ஆகிவிட்டது என்று சொல்லி எந்தக் காவல் நிலையமும் உங்கள் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது.