ஊர்ப் பெயர் இல்லாத கல்

வத்தல்மலைப் பாறைகளில் சிப்பியோ நத்தையோ தேடிப் பயனில்லை. ஓடுள்ள உயிர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், உருவானவை அவை. ஆகவே மலைப் பிள்ளைகளுக்கு அம்மோனைட்டைக் காட்ட அருங்காட்சியகம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றோம்.

கண்ணாடிப் பேழையினுள் ஆட்டுக்கொம்பெனச் சுருண்டதொரு கல். அருகே இலத்தீன் பெயர். 'அழிந்த உயிரினம்' என்னும் குறிப்பு. அவ்வளவே.

"இந்தக் கடல் எங்க இருந்துச்சு, சாமி?" என்றான் ஒருவன். அரியலூர்க் கல்லா, கண்டகி நதிச் சாளக்கிராமமா என்பது நமக்கே விளங்கவில்லை. 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிக்ஸ்கா தென்னிந்திய அம்மோனைட்டுகளை விவரித்தபோது ஊட்டத்தூர், ஒதியம் என ஊர்களையும் குறித்தார். அந்நிய நாட்டவர் எழுதியதை நம்மவர் ஏன் விட்டனர்? திருமுழுக்குப் பதிவேட்டில் ஊர்ப் பெயர் இல்லையெனில் நாம் கையொப்பமிடுவோமா?

பாறை அடுக்குகளில் கீழுள்ளதே முந்தியது என்று 1669இல் எழுதிய ஸ்டேனோ பின்னாளில் ஆயரானார். 1988இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். (மறைக்கல்வி ஆசிரியர்கள் இதனை அறிந்திருப்பின் ஆதியாகமத்துக்காக இவ்வளவு அஞ்ச மாட்டார்கள்.) எந்த அடுக்கு, எந்த இடம் என்பது நீங்கினால் அவர் கற்பித்த வாசிப்பே இயலாது.

அரியலூரில் சுண்ணாம்புக்கல்லோடு சிப்பிப் படிவங்களும் சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கின்றன. எஞ்சியவற்றுள் சில பேழைகளில் இருக்கின்றன. அவற்றின் அருகே ஊர்ப் பெயரைத் தமிழில் ஒரு வரி எழுதுவதற்கு எவ்வளவு செலவாகும்?