இன்மையும் ஆக்கமும்: யாழ்ப்பாணத்து வடிவமைப்பு மரபு பற்றிய ஒரு மறுநோக்கு

மனிதன் தன் தேவைக்கெனப் படைக்கும் ஒவ்வொரு பொருளும், அது தோன்றிய சமுதாயத்தின் இயல்பையும் அச்சமுதாயத்தின் உழைப்பு உறவுகளையும் தன்னகத்தே தாங்கி நிற்பது. கவிதையையும் கூத்தையும் சிற்பத்தையும் இந்நோக்கில் ஆராய்ந்த தமிழ் விமர்சனம், வீட்டையும் வேலியையும் கிணற்றையும் அவ்வாறு ஆராய்வதிற் போதிய அக்கறை காட்டியதில்லை. அவை பற்றிப் பேசப்படும்போது பெரும்பாலும் இரண்டு குரல்களே மேலோங்குகின்றன. ஒன்று, முன்னோர் செய்தவை யாவும் ஞானமே எனப் போற்றும் பழம்பெருமைக் குரல். மற்றையது, சீமெந்தும் இயந்திரமும் வருமுன் இருந்தவை யாவும் வறுமையின் சின்னங்களே எனத் தள்ளும் குரல். சூழலுக்கு இசைந்த வடிவமைப்பு, வளங்குன்றா வளர்ச்சி என்பன உலகெங்கும் பேசப்படும் இந்நாளில் முதலாவது குரல் புதிய வலுப் பெற்றுள்ளது. ஆயினும் இவ்விரண்டும் ஒரே தவற்றின் இருவேறு முகங்களே. மரபிலிருந்து ஆக்கத் தூண்டல் பெறுதல் என்பது அதன் உருவத்தைப் பிரதிசெய்வதுமன்று, அதனைப் புறக்கணிப்பதுமன்று. இவ்வுண்மையை யாழ்ப்பாணக் குடாநாட்டின் அநுபவம் தெளிவாக உணர்த்துகின்றது.

1

ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இக்குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பாயும் வழுக்கையாறு கோடையில் வறண்டு கிடப்பது. ஆண்டிற் கிடைக்கும் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையான மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான குறுகிய காலத்திலேயே பெய்து தீர்கின்றது. அந்நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்பின் கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியல் கூறும் விதி. அவ்வாறாயின், மேலே ஓரடி குறையும்போது கீழிருந்து 40 அடி உவர்நீர் மேலெழவும் வழியுண்டு. மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாய் விளங்கும் நிலாவரைக் கிணறு இந்நிலைக்குக் கண்கூடான சான்றாகும்.

இத்தகைய நிலத்தில் அடர்த்தியாக மக்கள் வாழ்ந்து, ஆண்டு முழுவதும் தோட்டஞ் செய்து வந்துள்ளனர் என்பது வியப்புக்குரியது. பெருநதி நாகரிகங்கள் மிகுதியிலிருந்து தம் வடிவங்களைப் பெற்றன. யாழ்ப்பாணமோ இன்மையிலிருந்து பெற்றது. தளை தட்டாது பாடவேண்டும் என்ற நிர்ப்பந்தமே வெண்பாவின் சொற்செட்டுக்குக் காரணமானது போல, நீரும் மரமும் அருகிய நிலத்தின் நிர்ப்பந்தமே இங்குள்ள வடிவங்களின் செட்டுக்குக் காரணமாயிற்று. கட்டுப்பாடு கற்பனைக்குப் பகையன்று. பல வேளைகளில் அதன் தாயும் அதுவே.

2

இக்கூற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பனையோலையின் பயணமாகும். மரத்திலிருந்து வெட்டப்பட்ட ஓலை முதலிற் கூரையாகின்றது. சில மாரிகளின் பின் கூரையிலிருந்து கழற்றப்படும் ஓலையில் எஞ்சியது வேலிக்கும் பிற தேவைகளுக்கும் போகின்றது. இறுதியில் உக்கிய ஓலை தோட்டத்து மண்ணிற் புதைக்கப்பட்டு எருவாகின்றது. ஒரு பொருளின் முடிவு மற்றொரு பொருளின் தொடக்கமாய் அமையும் இவ்வொழுங்கில் ‘கழிவு’ என்ற கருத்துக்கே இடமில்லை. வேலியும் இத்தகையதே. கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றை உயிர்க்கதியால்களாக நட்டு அடைக்கப்பட்ட வேலி, எல்லையாக நின்றது, காற்றைத் தணித்தது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் குழை தந்தது, வெட்டிய குழை தோட்டத்தில் தாழ்க்கப்பட்டு மண்ணை வளமாக்கியது. அதன் இடத்தைப் பிடித்துள்ள சீமெந்து மதில் எல்லையைக் காட்டும் ஒரு தொழிலை மட்டுமே செய்கின்றது. ஒன்று பல தொழில் செய்வதே நல்ல வடிவமைப்பின் இலக்கணமெனின், மதிலைவிட வேலி முன்னேறிய வடிவமென்றே கொள்ளல்வேண்டும்.

நாற்சார் வீட்டினையும் இவ்வாறே நோக்கலாம். சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துங் கொண்டு எழுந்த தடித்த சுவர்கள் பகல் வெப்பம் உள்ளே வருவதைத் தாமதிக்கச் செய்வன. நடுவிலுள்ள முற்றம் வெளிச்சத்தை இறக்கி, சூடேறிய காற்றை மேலே போக்குவது. தாழ்ந்திறங்கிய தாழ்வாரம் சுவரை வெயிலினின்றும் மழையினின்றும் காப்பது. கூரையைத் தாங்கும் வளையும் சிலாகையும் முதிர்ந்த பனையிலிருந்து பெறப்பட்டவை. இவற்றுட் பெரும்பாலானவை அயலிற் கிடைப்பவை. அயலிலுள்ள தொழிலாளரின் கைக்குப் பழகியவை.

வீட்டோடு மட்டும் இச்சிந்தனை நின்றுவிடவில்லை. வாயிலிற் சிறு கூரையிட்டு, வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும் தாகந் தீர்க்கவும் அமைந்த சங்கடப்படலை. தலைச்சுமையை இன்னொருவர் உதவியின்றி இறக்கி ஏற்றுவதற்கான சுமைதாங்கிக் கல். கால்நடை உடலை உரஞ்சிக்கொள்வதற்கான ஆவுரஞ்சிக் கல். வீதியின் மேலேயே கூரை வேய்ந்து இருமருங்கும் திண்ணை அமைத்த பருத்தித்துறைத் தெருமூடிமடம் என்பன, பொதுவெளியில் நடமாடும் உடலின் களைப்பை உற்று நோக்கிய ஒரு கலைமனத்தின் வெளிப்பாடுகள். சுமைதாங்கியைக் கண்டுபிடித்தவரின் பெயர் வரலாற்றில் இல்லை. ஆயினும் நடந்து களைத்த ஒருவரின் கழுத்து வலியை உணர்ந்த பின்னரே அக்கல்லின் உயரம் தீர்மானிக்கப்பட்டிருத்தல் வேண்டும். வடிவமைப்பின் உயிர்நிலை அவ்வுணர்விலேயே உள்ளது.

3

எனினும் இவ்விடத்தில் நின்றுவிடும் விமர்சனம் பழம்பெருமையின் வலையில் வீழ்ந்துவிடும். ஒரு வடிவம் எவருக்குப் பயன்பட்டது, எவருடைய உழைப்பில் இயங்கியது, எவரை வெளியே நிறுத்தியது என்ற வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும்.

துலாவினை எடுத்துக்கொள்வோர் அதன் எளிமையை வியப்பர். ஆடுகாலில் ஏறிய நெடிய மரம்; அதன் நுனியிலிருந்து தொங்கும் கொடி; கொடியின் முனையிற் பட்டை; துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவரின் உடற்பாரமே விசை. எரிபொருள் வேண்டாத இக்கருவி, மனித ஆற்றலின் எல்லைக்கு மேல் நீரை இறைக்கமாட்டாது. ஆதலால் நீர் ஊறிச் சேர்வதற்குக் கிணற்றுக்கு அவகாசங் கிடைத்தது. உவர்நீர் மேலெழாது காத்தது சட்டமன்று; துலாவின் மந்தகதியே. இது உண்மை. ஆயின் அம்மந்தகதியின் விலையைச் செலுத்தியவர் யார்? விடியுமுன் துலாவில் ஏறி வெயிலேறும்வரை மிதித்தோருட் பலர் நிலமற்ற கூலியாட்கள். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது அவர்களின் உடல் ஓய்வு கண்டது என்பதை மறந்து துலாவின் மறைவுக்கு இரங்குவது, பிறர் தோளிலிருந்து பயணித்தவன் பல்லக்கின் மறைவுக்கு இரங்குவதை ஒக்கும்.

கிணற்றின் கதை இதனினும் கொடியது. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைக்கும் ஒழுங்கு, அருகிய வளத்தைப் பகிர்வதில் இச்சமுதாயம் கண்ட அரிய வழிமுறை. ஆனால் அப்பங்கு நிலமுடையோருக்கிடையேயான பங்கு மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதியினர் என ஒதுக்கப்பட்டோர் கிணற்றுக் கட்டினருகே குடத்துடன் காத்துநின்று, பிறர் அள்ளி ஊற்றும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1960களின் பிற்பகுதியில் ஆலயங்களிலும் தேநீர்க்கடைகளிலும் நடந்த போராட்டங்களும் இக்கொடுமையின் பின்னணியில் எழுந்தவையே. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’, கே. டானியலின் ‘தண்ணீர்’ ஆகிய நூல்களின் தலைப்புகளே இந்நிலத்தில் நீர் எத்தகைய பொருளாய் இருந்தது என்பதைச் சொல்லும். சங்கடப்படலையின் நீர்க்குடம் எல்லா வழிப்போக்கர்க்கும் ஒரே வகையில் நீட்டப்பட்டதா என்ற வினா, அதன் அழகைப் பேசுமிடத்தெல்லாம் கூடவே வரவேண்டிய வினாவாகும். நாற்சார் வீட்டின் திண்ணை எவர் எதுவரை வரலாம் என்பதை அளந்து காட்டிய எல்லையாகவும் இருந்தது. முற்றத்தின் பின்புறத்தே புகை மண்டிய அடுக்களை பெண்ணின் உழைப்பையும் நுரையீரலையும் கணக்கில் எடுக்கவில்லை. உயர்ந்து நின்ற கிடுகுவேலி காற்றை மட்டுமன்றிப் பெண்ணின் பார்வையையும் மறைத்தது.

ஆகவே மரபு வடிவங்களுள் இரண்டு அறிவுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று நிலத்தைப் பற்றிய அறிவு. மற்றையது மனிதரை ஏற்றியும் இறக்கியும் வைக்கும் அறிவு. முதலாவதைக் கற்று இரண்டாவதைக் களைவதே விமர்சனத்தின் பணி.

4

இயந்திரத்தின் வருகை உடலுழைப்பைக் குறைத்தது. ஆனால் நிலத்தைப் பற்றிய அறிவையும் உடன் அகற்றிவிட்டது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் பயனாக வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றபோது, இறைப்பும் இரசாயன உரமும் பெருகின. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980கள் முதலான ஆய்வுகள் எடுத்துக்காட்டின. குழை தாழ்த்த மண்ணில் உர மூட்டை கொட்டப்பட்டதன் விளைவு குடிநீரில் வெளிப்பட்டது. கரையோரக் கிணறுகள் பல உவராயின. தொடர்ந்து வந்த போரில் பெருந்தொகையான பனைகள் காவலரண்களுக்கென வெட்டப்பட்டன, ஊர்கள் இடம்பெயர்ந்தன, கைத்தொழில் அறிவு தலைமுறை மாற்றத்தில் அறுந்தது. 2024இல் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டுள்ளது. தாகத்துக்கு அது பதிலாகலாம். ஆனால் இலவசமாக வீழும் மாரி மழையை நிலத்துள் இறக்குவது எவ்வாறு என்ற வினாவுக்கு அது பதிலன்று.

போருக்குப் பின் வீடமைப்புப் பற்றி எழுந்த விவாதம் இங்கு நினைவுகூரத்தக்கது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளைப் பல்தேசிய நிறுவனமொன்றின் மூலம் பொருத்தித் தர அரசு முன்வந்தது. வீடொன்றின் பெறுமதி ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றும், அத்தொகைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கல்வீடுகள் கட்டலாமென்றும் எதிர்ப்புத் தெரிவித்தோர் சுட்டினர். வெப்பம், துருப்பிடித்தல், பின்னாளிற் கூட்டிக் கட்டவோ திருத்தவோ இயலாமை, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் தொழிலின்மை என்பன முன்வைக்கப்பட்ட நியாயங்கள். இறுதியில் அத்திட்டம் நிறைவேறவில்லை. அவ்வெதிர்ப்பை ஒரு வடிவமைப்பு விமர்சனமாகவும் கொள்ளலாம். வீடு என்பது கொண்டுவந்து இறக்கப்படும் பொருளன்று; நிலமும் கையும் குடும்பமும் சேர்ந்து காலந்தோறும் வளர்ப்பது என்ற கருத்தே அதில் ஒலித்தது.

இதன் மறுபுறத்தே, உல்லாச விடுதிகளின் வாயிலிற் பனையோலை வேய்ந்து உள்ளே குளிரூட்டியைப் பொருத்தும் போக்கு வளர்ந்து வருகின்றது. இங்கு ஓலை வெப்பத்தைத் தணிப்பதில்லை, எருவாவதுமில்லை. அது ஒரு சின்னம் மட்டுமே. உள்ளடக்கத்தை இழந்த உருவம் கவிதையிற் போலியாவது போலக் கட்டடத்திலும் போலியே.

உருவத்தை விடுத்து உறவைக் கற்றோர் உலகில் இல்லாமலில்லை. 1960களின் தொடக்கத்திற் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்கென வீடமைத்த ஜெஃப்ரி பாவா, முற்றத்தைப் பழமையின் அலங்காரமாகவன்றி, நெருங்கிய நகரத்துக் காணியில் காற்றும் தனிமையும் பெறுவதற்கான விடையாகப் பயன்படுத்தினார். கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர், செங்கல்லை நிறுத்தி இடைவெளிவிட்டு அடுக்கும் முறையால் ஏறத்தாழ நாலிலொரு பங்கு கல்லை மிச்சப்படுத்தி, எளியோருக்கும் வீடு கட்டினார். எகிப்தின் ஹசன் ஃபாத்தியோ 1940களில் மண்கல்லால் புதிய கூர்ணா என்ற அழகிய கிராமத்தை எழுப்பினார். ஆனால் அங்கு குடியேற்றப்படவிருந்த மக்களிற் பெரும்பாலோர் தம் பழைய ஊரைவிட்டு வர மறுத்தனர். மரபு வடிவமும் மலிவான பொருளும் மட்டும் போதா, வாழ்வோரின் இசைவும் வேண்டும் என்ற பாடத்தை அத்தோல்வி கற்பிக்கின்றது.

5

இந்நோக்கிற் பார்க்கும்போது யாழ்ப்பாணத்து மரபு இன்றைய கலைஞர்க்கும் பொறியியலாளர்க்கும் விடைகளை அன்றி வினாக்களையே வழங்குகின்றது எனலாம். ஒரு பொருள் தன் பயன் முடிந்தபின் எங்கே போகும்? ஒரு சுவர் எத்தனை தொழில் செய்யும்? ஒரு கிணறு எவ்வளவு தரும், அதனை எவர் எவர் பெறுவர்? கூரையில் வீழும் மழையைக் கிணற்றருகே நிலத்துள் இறக்கும் வாய்க்காலும், இறைப்பின் அளவைக் கிணற்றின் ஊற்றுக்கு ஏற்ப வகுக்கும் ஊர் ஒழுங்கும், மதிலுக்கு மாற்றாக உயிர்வேலியும், புகையற்ற வெளிச்சமான சமையலறையும் இவ்வினாக்களிலிருந்து பிறக்கக்கூடியவை. துலாவை மீண்டும் நாட்டவேண்டியதில்லை. துலா அறிந்திருந்த எல்லையை இயந்திரத்துக்குக் கற்பிக்கவேண்டும். பங்குக் கிணற்றின் முறையை மீட்கலாம். ஆனால் அன்று பங்கு மறுக்கப்பட்டவர் இம்முறை அதன் முதற் பங்காளராக இருத்தல் வேண்டும்.

இன்மை ஒரு சமுதாயத்தைக் கண்டுபிடிப்பாளர் ஆக்கலாம். கஞ்சர் ஆக்கவும் கூடும். யாழ்ப்பாணம் இரண்டுமாய் இருந்துள்ளது. அதன் கல்லிலும் ஓலையிலும் உறைந்துள்ள அறிவை மனிதர் யாவர்க்கும் உரியதாக்கும்போதே அம்மரபு உண்மையில் ஆக்கமாகும்.